செத்தால் முதலிலிருந்து: ரோக்லைக் கேம்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ரோக்லைக் கேம் என்று சொன்னதும் நம் பக்கத்துப் பையன்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "அதுவா, செத்தா முதல்லேர்ந்து ஆடணுமே, அந்த கேம்தானே?" வண்ணாரப்பேட்டை செல்போன் கடை வாசலில் கேட்டாலும் இதுதான், தண்டையார்பேட்டை கல்லூரிப் பையன்களைக் கேட்டாலும் இதுதான். கொஞ்சம் ஆடிப் பார்த்தவராக இருந்தால், "எல்லாம் லக்குண்ணா, நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

இந்தப் பெயரைக் கண்டபடி ஒட்டுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். வாள் சண்டை கேமுக்கும் ரோக்லைக் என்கிறார்கள், சீட்டு ஆடும் கேமுக்கும் ரோக்லைக் என்கிறார்கள். கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலே போதும், அந்த முத்திரை விழுந்துவிடுகிறது. அடிப்படைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டு மணி நேரம் வளர்த்த கதாபாத்திரத்தை ஒரே அடியில் அழித்துவிடும் கேமை ஒருவர் ஏன் விரும்பி ஆட வேண்டும்? அதுவும் அது செத்த அடுத்த நொடியே ஏன் மறுபடி தொடங்க வேண்டும்?

இந்த வகை கேம் ஒன்றைக்கூடத் தொடாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஆடுபவர்களுக்கு இதில் புதிதாகப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

கேரம் போர்டிலிருந்து தொடங்கலாம்

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிவந்த காசிமா நம் பக்கத்துப் பெண்தான். ஆகவே விதிகளை விளக்கத் தேவையில்லை.

9 வெள்ளை, 9 கருப்பு, ஒரு ரெட். நடுவில் அடுக்கி, ஸ்ட்ரைக்கரால் ஒரு பிரேக் அடித்ததும் காய்கள் சிதறுகின்றன. அந்தச் சிதறல் இதற்கு முந்தைய எந்த போர்டிலும் அச்சாக அப்படியே வந்திருக்காது. அதைப் பார்த்துத்தான் யோசனையே ஆரம்பிக்கிறது. ரெட்டுக்கு இப்போதே போவதா, போனால் ஃபாலோ போடக் காய் தோதாக நிற்கிறதா, குழியோரக் காயை இப்போது போடுவதா, எதிராளிக்கு மறைப்பாக விட்டுவைப்பதா? முந்தின போர்டில் எந்தக் காய் எங்கே நின்றது என்பதை மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை.

அடித்த ஷாட் அடித்ததுதான். "கை வழுக்கிடுச்சு, காயை எடுத்து வெச்சிட்டு மறுபடி அடிக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள், சுற்றி நிற்பவர்கள் உங்களை எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்காரவைப்பார்கள்.

போர்டு முடிந்ததும் எல்லாக் காய்களையும் அள்ளி மறுபடி நடுவில் அடுக்குகிறோம். "நான் கஷ்டப்பட்டுப் போட்ட காயெல்லாம் போச்சே" என்று யாரும் புலம்புவதில்லை. போர்டு என்றால் முடியத்தான் செய்யும். அடுத்த போர்டுக்கு நம்முடன் வருவது விரலில் ஏறிய அளவும், டபுள் அடித்தால் காய் எங்கே திரும்பும் என்று கண் கற்றுக்கொண்ட கணக்கும்தான்.

ரோக்லைக் கேமின் அடிப்படை இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிதறும் களம், திரும்பப் பெற முடியாத அடி, முடிந்ததும் எல்லாம் கலைவது, நம்மிடம் மட்டும் தங்கும் திறமை. தொடங்கியதிலிருந்து சாகும்வரை, அல்லது வெல்லும்வரை ஆடும் ஒரு முழு ஆட்டத்துக்கு 'ரன்' என்று பெயர். ஒரு ரன்னை ஒரு போர்டு என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆனால் கேரமில் எல்லாக் காயும் கண்முன்னே இருக்கிறது. ரோக்லைக்கில் பெரும்பகுதி மறைந்திருக்கிறது. அந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும். கேரமை இத்தோடு விட்டுவிடுவோம்.

1980-ல் வந்த ரோக்

இந்த வகைக்குப் பெயர் தந்தது 'ரோக்' என்ற கேம். 1980-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் அதை எழுதினார்கள். பிறகு பெர்க்லியில் கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார்.

அன்றைய திரையில் படம் கிடையாது, வெறும் எழுத்துகள்தான். நீங்கள் ஒரு @ குறி. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் 26 வகை அரக்கர்கள். டி எழுத்து உங்களை நோக்கி வந்தால் அது டிராகன். நிலவறையின் 26-ஆம் தளம்வரை இறங்கி ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும், கதை அவ்வளவே. பெர்க்லியில் உருவான பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு சேர்ந்து இந்த கேம் பல கல்லூரிக் கணினிகளுக்குப் பரவியது.

ஆட்களைக் கொடுமைப்படுத்துவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பேர்போன எழுத்துவழி சாகச கேம்களில் ஒரு குறை இருந்தது. ஒருமுறை புதிரை அவிழ்த்துவிட்டால் கேம் தீர்ந்தது, மறுபடி ஆட எதுவும் இல்லை. எழுதினவருக்கோ முதல் நாளே தீர்ந்தது, எல்லா விடையும் அவருக்குத் தெரியுமே! எழுதினவரையும் ஆச்சரியப்படுத்தும் கேம் ஒன்று வேண்டும் என்று டாயும் விச்மனும் நினைத்தார்கள். அதற்கு வழி, நிலவறையை மனிதர் வரையாமல் கணினியே வரைவது.

அதாவது இந்த வகையில் முதலில் வந்தது மாறும் களம். நிரந்தர மரணம் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வதால்தான் பலரும் மரணத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

கணினி எப்படி வரைகிறது?

கணினியே விதிகளின்படி களத்தை உருவாக்குவதற்கு 'புரொசீஜரல் ஜெனரேஷன்' என்று பெயர். இது கண்ணை மூடிக்கொண்டு அள்ளித் தெளிப்பது கிடையாது. ரோக் திரையை 3-க்கு 3 என 9 கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். பெரும்பாலும் கட்டத்துக்கு ஓர் அறை, அறையின் அளவும் இடமும் தற்செயல். பிறகு அறைகளை நடைபாதைகளால் இணைக்கும். எந்த அறைக்கும் வழி இல்லாமல் போகக் கூடாது, கீழே இறங்கும் படிக்கட்டு எங்காவது இருந்தே ஆக வேண்டும். இவை விதிகள். அந்த விதிகளுக்கு உட்பட்டு மற்றதெல்லாம் தற்செயல்.

இந்தத் தற்செயல் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தொடக்க எண்ணுக்கு 'சீட்' என்று பெயர். ஒரே பதிப்பில் அதே எண்ணைக் கொடுத்தால் அதே நிலவறை கிடைக்கும், எண் ஒன்று கூடினால் வேறு உலகம். 'ஸ்பெலங்கி' கேமின் 2013 கணினிப் பதிப்பு இதை வைத்து அழகான ஒரு வேலை செய்தது. ஒரு நாளைக்கு ஒரே களம், உலகம் முழுவதும் ஆடுகிற எல்லோருக்கும் அதே களம், ஆளுக்கு ஒரே வாய்ப்பு. தெரிந்த களத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வர வழியே இல்லை.

களம் மாறாமல் மரணம் மட்டும் நிரந்தரமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே முதல் அறை, அதே எலி, அதே பெட்டி. பத்தாவது முறை வாய் கசந்துவிடும். மாறும் களம் இருப்பதால்தான் முதலிலிருந்து தொடங்குவது தண்டனையாகத் தெரிவதில்லை. இந்த இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுழல வேண்டும். சாதாரண கதை கேமில் நிரந்தர மரணத்தை மட்டும் கொண்டுபோய் ஒட்டவைத்தால் அது வெறும் எரிச்சல்.

நிரந்தர மரணம் என்றால் என்ன, என்ன இல்லை?

'பெர்மாடெத்' என்று சொல்லப்படும் நிரந்தர மரணத்தின் பொருள் எளிது. கதாபாத்திரம் செத்தால் அந்த ரன் முடிந்தது. பழைய சேவ் கோப்பைத் திறந்து சாவுக்கு முன்னால் போக முடியாது.

சேவ் செய்யவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பாதியில் நிறுத்தலாம், நாளைக்குத் தொடரலாம். பழைய ரோக்கில் சேவ் கோப்பைத் திறந்தவுடன் கேம் அந்தக் கோப்பை அழித்துவிடும். சேவ் என்பது புத்தகத்தில் பக்க அடையாளம் வைப்பது மாதிரி மட்டும்தான் பயன்படும். தப்பு செய்தால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் சௌகரியத்தை அது தராது. அந்தத் திருத்தும் பழக்கத்துக்கு 'சேவ் ஸ்கம்மிங்' என்று பெயர். கோப்பை வேறு இடத்தில் நகல் எடுத்துவைத்து இதைச் செய்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

ஃப்ரீ ஃபயர் மாதிரியான கேம்களில் சாவதை இதோடு சேர்ப்பதும் தப்பு. அங்கே செத்தால் அந்த மேட்ச்தான் போகும், உங்கள் ரேங்க், உடை, துப்பாக்கி அலங்காரம் எல்லாம் கணக்கிலேயே இருக்கும். மேப்பும் தெரிந்த மேப். எந்தக் கட்டடத்தில் இறங்குவது என்று முதல் நொடியிலேயே தெரியும்.

பழைய வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஆடிய கேம்களிலும் உயிர் தீர்ந்தால் முதலிலிருந்துதான். ஆனால் அங்கே எதிரி எந்த நொடியில் எங்கிருந்து வருவான் என்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. அதை மனப்பாடம் செய்தவன் ஒரே காசில் அரை மணி நேரம் நிற்பான். ரோக்லைக்கில் மனப்பாடம் எடுபடாது.

இன்னொரு விஷயம். உண்மையான பழைய பாணி ரோக்லைக் 'டர்ன் பேஸ்ட்', அதாவது முறைவைத்து ஆடுவது. நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் அரக்கனும் ஓர் அடி வைப்பான். நீங்கள் யோசிக்கும் வரை உலகமே நின்றிருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நிற்கும்போதும், விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கும் நேரத்திலும் ஆட இதைவிட ஏற்ற கேம் கிடையாது. ஸ்டேஷன் வந்தால் போனை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம், பேய் அங்கேயே காத்திருக்கும். இதற்கு வேகமான விரல் தேவையே இல்லை. "ரிஃப்ளெக்ஸ் இருக்கிறவங்களுக்குத்தான் அது" என்று ஒதுங்குபவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். களத்தைக் கணினி விதிகளின்படி புதிதாக வரைகிறது. ஒரு ரன்னில் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. நிறுத்தித் தொடரலாம், பின்னால் போக முடியாது. சரி, இதில் சுவாரசியம் எங்கிருந்து வருகிறது?

நண்டு, கதவு, மூன்று குப்பிகள்

இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது, ஒரு நிலைமையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 'ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன்' என்ற இலவச ஆண்ட்ராய்டு கேமை எடுத்துக்கொள்வோம். ஒலெக் டோல்யா என்பவர் 2012-ல் 'பிக்சல் டன்ஜன்' என்ற சிறிய கேமை வெளியிட்டார், 2014-ல் அதன் மூல நிரலையும் பொதுவில் வைத்தார். அதை எடுத்து எவன் டெபன்ஹாம் வளர்த்ததுதான் இது. இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்.

நீங்கள் மூன்றாவது தளத்தில் இருக்கிறீர்கள், சாக்கடைப் பகுதி. உயிர்ப்புள்ளி 30-ல் 7 மிச்சம். எதிரே ஒரு சாக்கடை நண்டு. அது உங்களைவிட இரண்டு மடங்கு வேகம், ஓடித் தப்பிக்கும் யோசனையை மறந்துவிடலாம். பையில் மூன்று மருந்துக் குப்பிகள், சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு. எது என்ன மருந்து என்று தெரியாது. இந்த ரன்னில் பச்சை குணப்படுத்தும் மருந்தாக இருக்கலாம், அடுத்த ரன்னில் அதே பச்சை விஷப் புகையாக இருக்கும். நிறங்களை ஒவ்வொரு ரன்னிலும் கேம் மாற்றி அடுக்கிவிடுகிறது.

இப்போது என்ன செய்வீர்கள்?

குடித்துப் பார்க்கலாம். ஒரே நிறத்தில் இரண்டு கிடைத்திருக்கிறது என்றால் அது அடிக்கடி வரும் வகையாக இருக்கலாம், குணப்படுத்தும் மருந்து அப்படிப்பட்ட ஒன்று. ஆக பச்சைக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதி இல்லை. தீ மருந்தாக இருந்தால் நீங்களே எரிவீர்கள், பையில் உள்ள மந்திரச் சுருளும் எரியலாம். அதனால் முதலில் இரண்டு கட்டம் தள்ளித் தெரியும் தண்ணீரில் போய் நின்றுகொண்டு குடிப்பது நல்லது. ஆனால் அந்த இரண்டு கட்டம் நடப்பதற்குள் நண்டு எத்தனை அடி அடிக்கும்?

கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தளத்தில் மரத்தடுப்பு போட்டு அடைத்த ஓர் அறையைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அது ஒரு துப்பு. அப்படி ஓர் அறையை வைக்கும்போது, அந்தத் தடுப்பை எரிக்க ஒரு தீ மருந்தையும் அதே தளத்தில் கேம் வைத்துவிடும். சிவப்புக் குப்பியை இந்தத் தளத்தில்தானே எடுத்தீர்கள்? அப்படியானால் அது தீயாக இருக்க நல்ல வாய்ப்பு. குடிக்க வேண்டாம், நண்டின் மேல் வீசலாம். வீசினால் அறையைத் திறக்கத் தீ இருக்காது, உள்ளே இருக்கும் நல்ல பொருள் போச்சு.

இன்னொரு வழியும் இருக்கிறது, கதவு. கதவைத் தாண்டிப் பக்கவாட்டில் நின்றுகொண்டால் நண்டு உங்களைப் பார்வையிலிருந்து இழக்கும். அது கதவுக்குள் நுழையும் அந்தக் கணத்தில் அடித்தால் அடி தவறாது. அந்த ஓர் அடியில் அது சாகுமா? உங்கள் கத்தியைப் பொறுத்தது.

இவ்வளவு யோசனையும் ஒரே ஒரு காரணத்தால்தான் வருகிறது. தப்பாகப் போனால் திரும்ப முடியாது. இதே இடத்தில் சேவ் வைத்துத் திரும்பும் வசதி இருந்தால் என்ன செய்வோம்? மூன்று குப்பியையும் குடித்துப் பார்ப்போம், எது என்னவென்று தெரிந்துகொள்வோம், பழைய சேவைத் திறப்போம். மரத்தடுப்பு தந்த துப்புக்கு வேலை இல்லை, தண்ணீருக்கும் கதவுக்கும் வேலை இல்லை. கேம் எழுதியவர் வைத்த பொருள்கள் எல்லாம் அப்படியே இருக்கும், அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

நிரந்தர மரணம் செய்கிற வேலை இதுதான். நம்முடைய ஒவ்வொரு முடிவுக்கும் அது ஒரு விலை போடுகிறது. விலை இருந்தால்தான் பையைத் திறந்து என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்க்கிறோம்.

எல்லாம் லக்கா?

அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. முதல் தளத்திலேயே நல்ல கவசம் கிடைக்கும் ரன்னும் உண்டு, எதுவுமே கிடைக்காத ரன்னும் உண்டு. ஆனால் மேலே சொன்ன கேமையே பாருங்கள். ஆயுதத்தையோ கவசத்தையோ வலுப்படுத்தும் சுருள் ஒவ்வொரு 5 தளத்துக்கும் 3 கிடைக்கும், வலிமை கூட்டும் மருந்து 2 கிடைக்கும். எந்த அறையில் கிடக்கும் என்பதுதான் தற்செயல், இருக்கும் என்பது உறுதி. தேடாமல் படிக்கட்டைப் பார்த்து ஓடுகிறவர்தான் "எனக்கு ஒண்ணுமே வரல" என்று சொல்வார்.

வெறும் லக்கு என்றால் வெற்றியும் எல்லோருக்கும் சமமாக விழ வேண்டும். அப்படி விழுவதில்லை. 1987-ல் வெளிவந்த 'நெட்ஹேக்' இந்த வகையிலேயே சிக்கலான கேம்களில் ஒன்று, பலரும் ஆண்டுக்கணக்கில் ஆடி ஒருமுறைகூட ஜெயிக்காத கேம். அதையே இடையில் ஒரு சாவும் இல்லாமல் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட முறை ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிலவறை. இதை லக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செத்த பிறகு கையில் என்ன மிஞ்சும்?

கதாபாத்திரம் போய்விடும், அனுபவம் நம்மிடம் இருக்கும் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்பதற்கு நெட்ஹேக்கின் காக்கட்ரைஸ் நல்ல உதாரணம். பார்க்கக் கோழி மாதிரி இருக்கும் ஒரு பிராணி. அதன் பிணத்தை வெறுங்கையால் தொட்டால் நீங்கள் கல்லாகிவிடுவீர்கள், கேம் முடிந்தது. முதல் முறை சாகும்போது கோபம்தான் வரும். பிறகு ஒருநாள் கையுறை போட்டுக்கொண்டு அதே பிணத்தைத் தூக்கலாம் என்று தெரியவரும். தூக்கி எதிரியை அடித்தால் எதிரி கல்லாகிறான்! கேமிலேயே பயங்கரமான ஆயுதம் உங்கள் கையில். அந்தத் தெம்பில் நடந்துபோய் ஒரு குழியில் தடுக்கி விழுந்தால் பிணம் உங்கள் மேலேயே பட்டு நீங்கள் கல்லாவீர்கள். இது கேம் எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

இந்த அறிவு எந்தச் சேவ் கோப்பிலும் இல்லை. அடுத்த ரன்னில் உங்கள் ஆள் அதே பலவீனமான முதல் நிலை ஆள்தான். ஆனால் கோழியைக் கண்டதும் நீங்கள் வேறு மாதிரி நடந்துகொள்வீர்கள். வழக்கமான கேம்களில் கதாபாத்திரம் வளரும், ஆடுபவர் ஏறக்குறைய அங்கேயே நிற்பார். இங்கே தலைகீழ்.

செத்த கதைகளுக்கும் தனிச் சுவை உண்டு. ரோக்கில் செத்தால் எழுத்துகளால் வரைந்த ஒரு கல்லறை வரும். உங்கள் பெயர், எதன் கையால் செத்தீர்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். நெட்ஹேக்கில் இன்னும் ஒரு படி மேலே. நீங்கள் செத்த தளத்தைக் கேம் சில சமயம் அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, பின்னால் வரும் ரன்னில் நடுவே செருகிவிடும். அங்கே உங்கள் பழைய ஆளின் பேயும் அவன் வைத்திருந்த பொருள்களும் இருக்கும். தன் கல்லறையைத் தானே கொள்ளையடிக்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ரோக்லைட் என்ற தம்பி

இப்போது கடைகளில் ரோக்லைக் என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானவை 'ரோக்லைட்'. ரோக்லைக்கின் சில குணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கெடுபிடியைத் தளர்த்திய கேம் என்று பொருள். செத்தாலும் ஏதோ ஒன்று அடுத்த ரன்னுக்கு வரும். 2013-ன் 'ரோக் லெகசி'யில் செத்தவரின் வாரிசாக நீங்கள் தொடர்கிறீர்கள், அப்பா சேர்த்த தங்கத்தில் கோட்டையைக் கட்டி வலுப்படுத்துகிறீர்கள். 2020-ன் 'ஹேடஸ்' கேமில் பாதாள உலகத்து இளவரசன் தப்பிக்கப் பார்க்கிறான். செத்தால் வீட்டுக்கே திரும்பி வருகிறான், வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சாவைப் பற்றியே அவனிடம் பேசுகிறார்கள். கதை சாவுகள் வழியாகவே நகர்கிறது. பலரையும் இந்த வகைக்குள் இழுத்துவந்தது ஹேடஸ்தான், நன்றாகவே எழுதப்பட்ட கேம்.

இப்படி ரன்களைத் தாண்டிச் சேரும் வலுவுக்கு 'மெட்டா புரொகிரெஷன்' என்று பெயர். புதியவருக்கு இது ஆறுதல். தோற்றாலும் ஏதோ கிடைத்தது என்ற திருப்தி இருக்கும். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் உண்டு. கொஞ்ச நாள் கழித்து ஜெயித்தால், நான் நன்றாக ஆடியதால் ஜெயித்தேனா, கோட்டை வலுவானதால் ஜெயித்தேனா என்று சொல்ல முடியாது. முதல் சில ரன்களில் ஜெயிக்கவே முடியாதபடி வேண்டுமென்றே வைத்திருக்கும் கேம்களும் இருக்கின்றன. அங்கே மரணம் தவணை கட்டுவது போலாகிவிடுகிறது. பழைய பாணிக்காரர்கள் 2008-ல் பெர்லினில் கூடி எது ரோக்லைக், எது இல்லை என்று ஒரு பட்டியலே போட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. தொடங்குகிறவர் அதில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உயிரை விலைக்கு விற்கும் கேம்கள்

போனில் இலவசமாகக் கிடைக்கும் பல கேம்களில் செத்ததும் ஒரு பெட்டி எழும்பும். விளம்பரம் பார்த்தால் ஓர் உயிர், இல்லையென்றால் இத்தனை வைரம் கொடு. வைரம் தீர்ந்தால் பணம் கொடு. மேலோட்டமாகப் பார்த்தால் இது இரக்கம் மாதிரியும், ரோக்லைக்தான் கொடுமை மாதிரியும் தெரியும்.

கணக்கைக் கவனியுங்கள். உயிரை விற்கும் கேமுக்கு நீங்கள் சாவது வருமானம். ஆகவே சரியாக ஜெயிக்கப்போகும் இடத்தில் உங்களைக் கொல்வது அதற்கு லாபம். நிரந்தர மரணம் உள்ள கேமில் அந்தப் பேரமே கிடையாது. செத்த பிறகு விற்க ஒன்றும் இல்லை. சில ரோக்லைக்குகளில் ஒருமுறை உயிர்தரும் தாயத்து உண்டு. அதையும் நிலவறையில்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது கேமுக்குள் சேர்த்த தங்கத்தில் வாங்க வேண்டும். உங்கள் ஏடிஎம் கார்டை யாரும் கேட்பதில்லை. வீட்டில் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது என்றால் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இது யாருக்கு ஒத்துவராது?

கதைக்காக கேம் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலான ரோக்லைக் பிடிக்காது, பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே ரன் பல மணி நேரம் இழுக்கும் பழைய கேம்களில், கடைசிக் கட்டத்தில் வரும் சாவு உண்மையிலேயே வலிக்கும். அதை வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நெட்ஹேக்கின் சில சாவுகள் நியாயமும் இல்லை. முன்பே யாராவது சொல்லாமல் தெரிந்துகொள்ளவே முடியாத விஷயத்துக்குக் கொல்வதைச் சவால் என்று எப்படி எடுத்துக்கொள்வது? நல்ல ரோக்லைக்கில் செத்ததும், 'அங்கே கதவுக்கு வந்திருக்கலாம்' என்று ஓர் இடம் மனதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவே இல்லையென்றால் பல சமயம் குறை கேமில்தான்.

எங்கே தொடங்குவது?

போன் மட்டும் இருக்கிறது என்றால் மேலே சொன்ன ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன் போதும். ஆண்ட்ராய்டில் விலை இல்லை, விளம்பரம் இல்லை, இணையமும் தேவையில்லை. கணினி இருந்தால் 'ஸ்லே தி ஸ்பயர்' நல்ல தொடக்கம். சீட்டுகளைச் சேர்த்துச் சண்டை போடும் கேம், எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். தோற்றால் ஏன் தோற்றோம் என்பது அதில் சீக்கிரம் புரியும்.

முதல் சில ரன்களில் ஜெயிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கிடைக்கும் குப்பியை முழு உயிரோடு இருக்கும்போதே, பக்கத்தில் எதிரி இல்லாத இடத்தில் குடித்துப் பாருங்கள். உயிர் போகிற நேரத்தில் பரிசோதனை செய்வதைவிட அது மேல். சண்டை வந்தால் திறந்த அறையின் நடுவில் நிற்காமல் கதவைத் தேடுங்கள். ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜனின் ஐந்தாம் தளத்தில் கூ என்ற கருப்புக் களி ஒன்று காத்திருக்கும், புதியவர்கள் பலர் அதனிடம்தான் சாவார்கள். அது உடம்பை உப்பவைக்க ஆரம்பித்தால் பெரிய அடி வரப்போகிறது என்று அர்த்தம், உடனே தள்ளிப் போய்விடுங்கள். தண்ணீரில் நின்றால் அதற்குக் காயம் ஆறிக்கொண்டே இருக்கும். வெளியே இழுத்துவந்து அடியுங்கள்.